காதுவழிச் சொந்தம்

புகையிலைச் சிப்பத்தை அவிழ்த்தவுடன் மற்ற வியாபாரிகள் இலையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். முத்துக்குமாரு காதுக்குக் கொண்டுபோவார். நடுவிலிருந்து ஒரு இலையை உருவி, கண்ணை மூடி, காதோரம் வைத்து மெதுவாகக் கசக்குவார். அது செம்பாட்டு மண்ணில் வளர்ந்ததா, புகை போட்டவன் பொறுமைக்காரனா அவசரக்காரனா என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும் என்பது அவருடைய கட்சி. "மூக்குக்குத் தடிமன் வரும். காதுக்கு வருமோ?" என்று கேட்பார். சுன்னாகம் சந்தையில் இந்தக் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஆள் கட்டை. சிறுவயதில் ஸ்டேஷனில் சிப்பம் சுமந்த வலது தோள், தாழ்ந்தது தாழ்ந்தபடியே நின்றுவிட்டது. மறைக்கமாட்டார். சட்டை தைக்கப் போனால் அந்தத் தோளைத் தையற்காரனுக்குத் தட்டிக் காட்டுவார். "என்ரை கல்வீடு இதிலை ஏறித்தான் வந்தது. வடிவா அளந்து எடு." கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்து வேண்டுமானால் ஆள் வைத்துக்கொள்வார். தன் கையை ஊன்றி எழும்பினவன் கொஞ்சம் பெருமை பேசினால் ஊர் பொறுக்கத்தான் வேண்டும். தகப்பன் விட்டுப்போன காணியில் குந்தியிருப்பவர்கள் பேசாத பெருமையா?

வியாபாரத்துக்கு அடுத்தபடி அவருக்கு மேளம். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தால்தான் அது மேளம். மற்றதெல்லாம் அவர் கணக்கில் சத்தம். வலிகாமத்தில் எந்தக் கோயிலில் கொடி ஏறினாலும் மேளம் யாருடையது என்றுதான் முதலில் விசாரிப்பார். எந்தச் சாமி என்று பிறகு கேட்பார்.

இந்தப் பைத்தியத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இளவாலைக் கனிசியஸ். ரயில் கைகாட்டிக்கு விளக்கேற்றி ஓய்வு பெற்றவர், கத்தோலிக்க வேதக்காரர், முத்துக்குமாருவுக்குத் தகப்பனாக இருக்கக்கூடிய வயது. இருவரும் அறிமுகமானது சுன்னாகம் ஸ்டேஷனில். இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய மேளகாரர் வண்டிக்குக் காத்து நின்றார்கள். நாயனக்காரர் சீவாளியைச் சரிபார்க்க இரண்டு ஊது ஊதினார். ஊதினவர் நிறுத்தாமல் தோடிக்குள் இறங்கிவிட்டார். சிப்பம் ஏற்ற வந்த முத்துக்குமாரு சிப்பத்திலேயே சாய்ந்துகொண்டு நின்றார்.

"தம்பி, கோச்சி போட்டுது" என்றார் பக்கத்தில் விளக்கோடு நின்ற கனிசியஸ்.

"போகட்டும் அண்ணை. கதையாதேங்கோ, உவர் நிப்பாட்டிப்போடுவார்."

ரயில் போனது, சிப்பம் போகவில்லை. முத்துக்குமாரு தன் வியாபாரத்தில் செய்த ஒரே பிழை அதுதான் என்று சொல்லுவார். சொல்லும்போது சிரிப்பார்.

அதன் பிறகு ஆவணி என்றும் பங்குனி என்றும் பாராமல் இருவரும் ஒரே திருக்கல் வண்டியில் கோயில் கோயிலாகப் போனார்கள். கனிசியஸ் கோயிலுக்குள் வரமாட்டார். "உங்கடை சாமி பொறுப்பார். எங்கடை சுவாமியார்தான் பொறுக்கமாட்டார்" என்று மதிலுக்கு வெளியே நின்றுகொள்வார். அவருக்காக முத்துக்குமாருவும் வெளியே நிற்பார். ராகத்தின் பேரைச் சொல்ல முந்திக்கொள்வது முத்துக்குமாருவின் வழக்கம். பாதி நாள் பிழை. வேறு யாரும் திருத்தினால் சண்டைக்குப் போவார். கனிசியஸ் திருத்துவதில்லை. "பேரை விடு தம்பி. ஆளை அடையாளம் தெரியுதெல்லே, அது காணும்" என்பார்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கனிசியஸ் வெளியே தனியாக நிற்கவேண்டி வரும். அது ஊர்ப் பிள்ளையார் கோயிலில் முத்துக்குமாருவின் திருவிழா. இங்கே கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். பாட்டன் காலத்திலிருந்து வருகிற உரிமை, லேசில் கைமாறாது. "சிப்பம் காவினவனுக்குத் திருவிழாவோ?" என்று கேட்ட வாய்களை மூடப் பாதி ஆயுள் போனது அவருக்கு. ஒரு குடும்பம் நொடித்துப்போய் ஏழாம் திருவிழாவைக் கைவிட்டபோது அதைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத் தலைப்பாகை கட்டி, சாமிக்கு முன்னால் நடந்து, உபயகாரருக்குரிய காளாஞ்சித் தட்டை எல்லாரும் பார்க்க வாங்குவார். தாழ்ந்த தோள் அன்று ஒரு நாள் நிமிரும். மேளம் மட்டும் கனிசியஸின் தெரிவு. வருஷம் முழுக்கக் கேட்டுத் திரிந்து, "இந்தமுறை அந்த ஆளைப் பிடி" என்று கிழவர் சொல்வார். முத்துக்குமாரு பிடித்துவிடுவார்.

இந்த வருஷமும் ஆள் பிடித்தாயிற்று. கொடியேறுவதற்கு முந்தின வாரம் கனிசியஸ் நித்திரையிலேயே போய்விட்டார்.

முத்துக்குமாரு இளவாலைக்குப் போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். சேமக்காலையில் மண் போட்டார். அழவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலைக்கு வார்த்துவிட்டு, மனைவி மீனாம்பிகையிடம், "மச்சச் சட்டியை ஏறக்கட்டு. எனக்குத் துடக்கு" என்றார். சாவுத் தீட்டுக் காக்கிறவர்கள் மீன், இறைச்சி தொடமாட்டார்கள்.

"ஆற்றை துடக்கு?"

"கனிசியஸ் அண்ணையின்ரை."

மீனாம்பிகை அரிசி அரித்துக்கொண்டிருந்த அரிக்கன்சட்டியைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ, வேதக்காரருக்குத் துடக்கே இல்லை. அந்தாளின்ரை பெத்த பிள்ளையளே காக்கேல்லை. உங்களுக்கு எங்காலை வந்தது?"

"அவங்கள் காக்காட்டி ஆரோ ஒருத்தன் காக்கத்தானே வேணும்" என்றுவிட்டுத் தலையைத் துவட்டினார்.

செய்தி கோயில் மனேச்சர் கனகசபாபதிக்குப் போனது. அன்று பின்னேரமே குடையோடு வந்துவிட்டார். துடக்குக்காரன் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, கோயில் விபூதியும் தொடக் கூடாது, முப்பத்தொரு நாளும் அப்படித்தான் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். ஏழாம் திருவிழா அதற்குள் வந்துவிடும்.

"முத்துக்குமாரு, துடக்கெண்டால் உரித்துக்காரருக்கு. அந்த மனிசன் உமக்கு உரித்தோ?"

"ஓம்."

"எந்த வழியிலை? தாய்வழியோ, தேப்பன்வழியோ?"

"காதுவழியிலை."

கனகசபாபதி சிரிக்கப் பார்த்தார். எதிரே இருந்தவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். "உதெல்லாம் பகிடிக்குச் சரி. உம்மடை நாளைக்குத் தம்பிஐயா நெடுக வாய் பாத்துக்கொண்டு நிக்கிறார். நல்ல மனிசன்தான். ஆனால் ஒருக்கால் அவற்றை வீட்டுக்குப் போனால் பேரன் காலத்திலையும் திரும்பாது. உமக்குத் தெரியாததே?"

"தெரியும்."

"பிறகென்ன விசர்க்கதை?"

"தம்பிஐயாவிட்டைக் குடுங்கோ. மேளத்தை மட்டும் மாத்தவேண்டாமெண்டு சொல்லுங்கோ. அது அண்ணை பிடிச்சு விட்ட ஆள்."

கனகசபாபதி குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். படலையடியில் திரும்பி நின்று மீனாம்பிகையைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

சந்தையில் இரண்டு கிழமைக்கு இதுதான் கதை. சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கோபம். "அப்ப இனி ஞாயிற்றுக்கிழமையிலை பூசைக்கும் போவியளோ?" என்று ஒருவன் கேட்டான். முத்துக்குமாரு புகையிலையைக் காதில் வைத்தபடியே, "இது பனியிலை நனைஞ்ச சரக்கு, வேண்டாம்" என்றார். கேட்டவனுடைய சரக்கு அது.

ஏழாம் திருவிழாவன்று வெயில் தாழும் நேரம் சாமி வெளிவீதிக்கு வந்தது. தம்பிஐயா தலைப்பாகையோடு முன்னால் நடந்தார். தலைப்பாகை அவருக்குக் கொஞ்சம் பெரிது. முத்துக்குமாரு கோயில் எல்லைக்கு அப்பால், ஒழுங்கை தொடங்கும் இடத்தில், சால்வையைத் தோளில் போட்டபடி நின்றார். தெற்கு வீதி திரும்பியதும் நாயனக்காரர் அவரைக் கண்டுகொண்டார். யாருடைய ஏற்பாட்டில் வந்தோம் என்று அவருக்குத் தெரியும். சாமியை நிறுத்திவிட்டு ஊதத் தொடங்கினார். தவிற்காரர் தட்டாமல் கையைத் தவிலின்மேல் வைத்துக்கொண்டார். நாயனம் தனியே எங்கெங்கோ போய், போன வழியே திரும்பி வந்தது. முத்துக்குமாரு ராகத்தின் பேரைச் சொல்ல முந்தவில்லை. முடிகிற மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் கனகசபாபதி ஐயரை வீதியைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐயரின் கையில் விபூதித் தட்டு.

"முத்துக்குமாரு, ஊரே பாத்துக்கொண்டு நிக்குது. காணும். ஒரு நுள்ளு விபூதி எடும். எடுத்தால் துடக்குமில்லை, ஒண்டுமில்லை. அடுத்த வருசம் உம்மடை நாள் உமக்குத்தான்."

தம்பிஐயாவும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "எடுங்கோ அண்ணை. நான் குறுக்கை நிக்கமாட்டன். சாமிக்கு முன்னாலை சொல்லுறன்."

ஐயர் தட்டை நீட்டினார். சாமி நின்றது, சனம் நின்றது. மீனாம்பிகை பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

முத்துக்குமாரு தட்டைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார்.