நாகேஸ்வரி அக்காவும் ஒரு கிழவரின் தாடியும்

நோபல் பார்க்கில் என் கிளினிக்கில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. பல்கலைக்கழக வரலாற்றுத் துறையின் செயலாளர் பேசினார். கலாநிதி நாகேஸ்வரி வகுப்புக்குப் போகும் வழியில் படிக்கட்டில் சரிந்து விழுந்துவிட்டார் என்றும், ஆம்புலன்ஸ் வருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். "உறவினர் என்ற இடத்தில் உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்" என்றார். நான் அவருக்கு உறவில்லை. மெல்பேர்ணில் அவருக்கு உறவென்று ஒருவரும் இல்லை. குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதன் தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்கா வட்டுக்கோட்டையில் மிகுந்த ஆசாரமுள்ள சைவக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் அவருடைய தங்கை காய்ச்சலில் கிடந்தபோது வீட்டார் நூல் கட்டி, நேர்த்தி வைத்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலம் கடந்திருந்தது. அன்றோடு கோயில் வாசலை மிதிப்பதை அவர் விட்டுவிட்டார். புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவுக்குப் பொறியியல் படிக்கப் போனவர், ரஷ்ய வரலாற்றில் மனம் பறிகொடுத்துப் பாதியில் துறை மாறினார். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே விரிவுரையாளராக வந்து சேர்ந்தார்.

அப்போது இங்கிருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு வரவேற்பறைக்குள் அடக்கிவிடலாம். அவர்கள் அவரை 'மொஸ்கோக்காரி' என்றார்கள். டண்டினொங்கில் குடியேறியிருந்த ரஷ்யர்களோ, புரட்சிக்குத் தப்பிச் சீனாவுக்கு ஓடி, அங்கிருந்தும் ஓடி வந்தவர்கள். சோவியத்தில் படித்தவர் என்று அவரை உளவாளியாகப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தின் இடதுசாரி மாணவர்களுக்கு, சோவியத் ஆட்சியில் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட பாதிரிமாரைப் பற்றி அவர் வகுப்பில் பேசியது பிடிக்கவில்லை. "நான் எந்தக் கதிரையில இருந்தாலும் பக்கத்துக் கதிரையில இருந்து ஆரோ ஒராள் எழும்பிப் போறார்" என்று சிரிப்பார்.

பதினெட்டாம் நூற்றாண்டுதான் அவருடைய காலம். ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வந்த பேரரசர் பீட்டர் தன் பிரபுக்களின் தாடியைத் தானே கத்தரித்ததையும், தாடி வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு வரி விதித்ததையும், பேரரசி கத்தரீன் பிரெஞ்சு ஞானிகளோடு கடிதத்தில் மனித விடுதலை பேசிய அதே காலத்தில் அவருடைய நாட்டில் குடியானவர்கள் மாடுகளைப்போல் விற்கப்பட்டதையும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். ஆனாலும் அவர் அறிவொளியின் பக்கந்தான். நான் ஒருமுறை குறுக்கே கேட்டபோது, "வெளிச்சம் வெளிச்சந்தான் பிள்ளை. விளக்கைப் பிடிச்ச கை ஊத்தையெண்டாப் போல வெளிச்சம் பிழையாகிடுமோ?" என்றார்.

கிளினிக் தொடங்குமுன் நான் தென்கிழக்குப் புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தேன். யெஃபீம் என்ற ரஷ்யக் கிழவரை அங்கே கொண்டுவந்தார்கள். கழுத்தில் பெரிய கட்டி. மூச்சு விடவே திணறினார். அறுவை செய்யத் தாடியை மழிக்க வேண்டும். அவர் கையால் தாடியை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவரும் மனைவி மார்ஃபாவும் 'பழைய விசுவாசிகள்'. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் திருச்சபை வழிபாட்டு முறைகளை மாற்றியபோது ஏற்க மறுத்துப் பிரிந்துபோனவர்களின் வழிவந்தவர்கள். மூன்று விரலால் சிலுவை போடச் சொன்னதற்காக, இரண்டு விரலால் போட்டுக்கொண்டே செத்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்குத் தாடி என்பது கடவுள் மனிதனுக்குக் கொடுத்த தன் சாயல்.

மொழிபெயர்க்க அக்காவை அழைத்தேன். ஓடி வந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னதை வரிக்கு வரி சொன்னார். கிழவர் அதைக் கேட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து ஏதோ கேட்டார். அக்கா பதில் சொன்னார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

வெளியே வந்ததும், "என்ன கேட்டவர்?" என்றேன்.

"'நீ படிச்ச பிள்ளை. உன்ர அப்பனெண்டா என்ன சொல்லுவாய்?' எண்டு கேட்டவர். மழிக்கச் சொல்லுவன் எண்டு சொன்னனான்."

அறுவை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் மறுநாள் அவருடைய இருதயம் நின்றுவிட்டது. மார்ஃபா அழவில்லை. மழித்த மயிரைத் தரும்படி கேட்டார். அதைப் பெட்டிக்குள் வைத்துத்தான் அடக்கம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கடவுளுக்கு முன்னால் அவர் எந்த முகத்தோடு நிற்பார்? நான் வார்டில் விசாரித்தேன். கழிவுகளோடு அதையும் எரித்துவிட்டார்கள். அந்தப் பதிலையும் அக்காதான் மார்ஃபாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று அக்காவை நான்தான் காரில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அறுவை செய்யாவிட்டால் கிழவர் சில கிழமைக்குள் மூச்சுமுட்டிச் செத்திருப்பார் என்று ஒரு டாக்டராகச் சொன்னேன்.

"அது தெரியும். அதில எனக்குக் கவலையில்லை" என்றார். பிறகு, "பீட்டர்ர காலத்தில தாடியை மழிச்ச சனம் அதைச் சவப்பெட்டிக்கெண்டு எடுத்து வைச்சது. அதை நான் எழுதியிருக்கிறன். ஒவ்வொரு வருசமும் படிப்பிக்கிறன். அந்த நேர்ஸிட்ட, ஒரு பையில போட்டு வையுங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஏன் வரேல்லை?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் டண்டினொங்குக்கு மார்ஃபாவின் வீட்டைத் தேடிப் போனார். தனியே போகத் தயங்கி என்னையும் கூட்டிக்கொண்டார். மார்ஃபா எங்களை உள்ளே விட்டார். அக்கா நின்றபடியே ரஷ்ய மொழியில் பேசினார். மார்ஃபா ஒரு கேள்விதான் கேட்டாராம்: "மயிரைப் பெட்டியில் வைக்க வேண்டுமென்று உனக்குத் தெரிந்திருந்ததா?" அக்கா, தெரிந்திருந்தது என்றார். மார்ஃபா எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்தார். எங்களுக்குத் தந்த கோப்பைகள் தனியாக, யன்னலோரத் தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தவை. வெளியாட்கள் வாய் வைத்த பாத்திரத்தை அவர்கள் புழங்குவதில்லை.

எனக்கு முகம் சுட்டது. அக்கா ஆற அமரக் குடித்து முடித்தார். திரும்பும் வழியில் நான் அதைச் சொல்லிக் குறைப்பட்டபோது, "எங்கட வீட்டுக்குப் பின்பக்கத்தால வந்த ஆக்களுக்கு நாங்கள் சிரட்டையில தண்ணி குடுத்தனாங்கள். மனிசி எனக்குக் கோப்பையில தந்தவ" என்றார்.

அதன்பிறகு மாதம் ஒருமுறையாவது அந்த வீட்டுக்குப் போனார். மார்ஃபாவை மின்சாரக் கந்தோருக்கும் கண் டாக்டரிடமும் கூட்டிப்போனார். அவர்களுக்குள் நட்பு வந்ததென்று சொல்ல மாட்டேன். கோப்பை கடைசிவரை தனியாகத்தான் இருந்தது. வகுப்பில் தாடி வரி பற்றிய விரிவுரை வரும்போது மாணவர்கள் சிரிப்பது வழக்கம்; அவரும் சேர்ந்து சிரிப்பவர். அந்த ஆண்டு அவர்கள் சிரித்தபோது அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியேறினார் என்று அவருடைய மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள். முடியும் தறுவாயில் இருந்த தன் ஆய்வு நூலை அவர் அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. கேட்டபோதெல்லாம், "அதில சனம் இல்லை" என்பார். நம்பிக்கை அவருக்குத் திரும்பி வரவில்லை. அறிவொளியையும் அவர் கைவிடவில்லை. இரண்டுக்கும் நடுவே நிம்மதியில்லாமல் வாழ்ந்தார் என்பதுதான் உண்மை.

இறுதிச் சடங்குக்கு அவருடைய அண்ணன் கொழும்பிலிருந்து வந்தார். அதுவரை உடலைக் காத்து வைத்திருந்தோம். ஸ்பிரிங்வேல் மயானத்தின் சிறிய அறையில் பெட்டி திறந்திருந்தது. வெளியே மாணவர்களும் சில தமிழ்க் குடும்பங்களும் காத்திருந்தார்கள். அண்ணன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"அம்மா தந்து விட்டவ. நல்லூர்த் திருநீறு. வெறும் நெத்தியோட பிள்ளையை அனுப்பிப் போடாதை எண்டு அழுதவ."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாமெண்டு உங்களிட்டச் சொன்னவவோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "சொல்லேல்லை அண்ணை. ஆனா விரும்பிப் பூசி நான் ஒருநாளும் காணேல்லை. இப்ப மறுத்துச் சொல்ல அவவால ஏலாது."

"அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று விரலால் திருநீற்றைத் தொட்டுத் தங்கையின் முகத்துக்கு மேலே கொண்டுபோனார். அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு அவர் அதைத் திருப்பித் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். விரலில் எஞ்சியதைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு, சுத்தமான கையால் தங்கையின் கன்னத்தைத் தடவினார்.

அக்கா, உங்கள் நெற்றி எப்போதும்போல வெறுமையாகவே இருந்தது. அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போய் வாருங்கள்.