சொல்தாவின் பைப்பைத் துடைத்தவன்

விழிதியூரில் தங்கை பேத்தியின் வளைகாப்பு. பந்தியில் ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லூர்துநாதன் வீட்டில் சமைக்கும் மேரி. "அண்ணே, ஐயா போயிட்டாங்கண்ணே" என்றாள். அப்புறம் அழுகைச் சத்தம்தான். இலையை மூடிவிட்டு எழுந்து பஸ் ஏறினேன். காரைக்கால் வந்து சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அவர் புகைபிடிக்கும் அந்தப் பைப்பு எங்கே கிடக்கிறதோ, யார் கண்ணில் படுமோ என்பதே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தெருவுக்கு அவர் சொல்தா, அதாவது சிப்பாய். எனக்கு மட்டும், கேலியாக, முசியே; பிரெஞ்சில் ஐயா. நான் எதிர்வீடு. அரசுக் கல்லூரி வேதியியல் கூடத்தில் முப்பது வருஷம் சோதனைக்குழாய் கழுவியவன். என் மனைவி போன பிறகு சாயங்காலமானால் அவர் வீட்டில்தான் கிடப்பேன். அவருக்குக் காப்பியும் பைப்பும்; எனக்குக் காப்பியும் புலம்பலும். புகை நாற்றம் எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் போவேன்.

அவர் கைநடுக்கம் முற்றியபோது, "நீங்கதான் குழாய் கழுவறதுல கில்லாடியாச்சே, இதக் கொஞ்சம் பாருங்க" என்று பைப்பைக் கொடுத்தார். நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் மரம் உப்பிப்போய், தண்டு உள்ளே நுழையமாட்டேன் என்றது. "அட பாவி மனுஷா! இது கண்ணாடியா? மரம்ங்க, மரம்!" என்று கத்தினார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஜன்னலில் நின்று, "காப்பி ஆறுது, வாங்க" என்றார்.

அதன் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றினால் கழுத்து விரிந்துவிடும், ஆறும்வரை தொடக்கூடாது. ஆறியபின் ஒரே பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டும். பஞ்சு சுற்றிய கம்பியை ரம்மில் லேசாக நனைத்து, தண்டின் ஒரு முனையில் விட்டு மறுமுனையில் இழுக்க வேண்டும், பஞ்சு வெளுப்பாக வரும்வரை. புகையிலை அடைக்கும் கிண்ணத்துக்குள் படியும் கரியை முழுக்கச் சுரண்டிவிடக் கூடாது. ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்கு விட்டுவைக்க வேண்டும், அதுதான் மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். இன்று பிடித்த பைப்புக்கு நாளை ஓய்வு. "ஈரம் காயறதுக்குள்ள மறுபடி பத்த வச்சா பைப்பு கசக்கும். மனுஷனுக்கு மட்டும்தான் லீவா?" என்பார்.

போன வருஷம் அவர் நாக்கில் ஆறாத புண் வந்தது. சதையை வெட்டிச் சோதித்துவிட்டுப் புற்று என்றார்கள். இனிப் புகையே கூடாது என்றார் டாக்டர். பிரான்சிலிருக்கும் மகள் இசபெல், அதுவரை அனுப்பிக்கொண்டிருந்த பைப்பு துடைக்கும் கம்பிகளை அன்றோடு நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவர் பைப்பை நீட்டினார். "குடிக்க மாட்டேங்க. சுத்தமா இருந்தா போதும், கையில வச்சிக்கிறேன்." நான் மெல்லிய கம்பி வாங்கி, மருந்துக்கடைப் பஞ்சைச் சுற்றி, நானே கம்பி செய்து துடைத்தேன்.

மறுநாள் பஞ்சு பழுப்பாக வந்தது. அதற்கடுத்த நாளும். முப்பது வருஷம் சாயம் மாறுவதைப் பார்த்தவனுக்கு இது தெரியாதா? அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பஞ்சைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மழை வருமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு அவர் கூப்பிடமாட்டார். சாயங்காலத்தில் நான் எங்கே போவேன்? என் தனிமைக்கு பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். அவர்மேல் இருந்த பிரியத்தால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஞாயிறுதோறும் இசபெல் எனக்குப் போன் செய்வாள். "அங்கிள், உண்மைய சொல்லுங்க. அப்பா பைப்பு குடிக்கிறாரா?"

"ஐயோ, இல்லம்மா. சுத்தமா விட்டுட்டாரு."

எத்தனை ஞாயிறு இப்படிச் சொன்னேனோ, கணக்கில்லை.

பிறகு பேச்சு போயிற்று. கஞ்சியும் குழாய் வழியாகத்தான். மேரி ஊற்றும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போதும் சாயங்காலம் பைப்பை எடுத்து நீட்டுவார். கடைசிப் பதினொரு நாள் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. அவரால் புகை இழுக்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் ஒன்றும் தெரியாதவன்போல் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், பிரான்சிலிருந்து வந்திருந்த இசபெலிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவள் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"தெரியும் அங்கிள். பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி அப்பாவே போன்ல சொல்லிட்டாரு. நீங்கதான் தொடச்சுக் குடுத்தீங்கன்னு. உங்க மேல கோவப்படக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

அவள் இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள்.

"சத்தியம் பண்ணினேன். முடியல அங்கிள். முப்பதாம் நாள் பூசைக்கு நீங்க வர வேணாம்."

"சரிம்மா" என்றேன்.

நீங்கள் எல்லோரும் அன்று கோயிலுக்குப் போவீர்கள். அவருக்கு அவ்வளவு நெருக்கமானவன் எங்கே என்று அங்கே யாராவது கேட்கக்கூடும். அவளை அதற்குப் பதில் சொல்ல வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இத்தனையும் எழுதினேன். சாகும் நேரத்திலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தார் அந்த மனுஷன். அந்தக் கருணையை எடுத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அவர் மகளின் கோபத்தை எடுத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான்.