கூப்பிட ஒரு பெயர்

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். கணவருக்கு இங்கே வங்காளத்தில், சாந்த்ராகாச்சியில் ஒப்பந்த வேலை. மருந்துக்கு ஓர் அறக்கட்டளையின் உதவியைத்தான் நம்பியிருந்தோம். அதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளிப் பெண்மணி படிவத்தில் எழுதக் குழந்தையின் பெயரைக் கேட்டார்.

“இன்னும் வைக்கல தீதி. எங்க வழக்கத்துல தொட்டில் போடற அன்னிக்குத்தான் வைப்போம்” என்று அரைகுறை வங்காளத்தில் சொன்னேன். அது பாதி உண்மைதான். பெயர் வைத்துவிட்டு இழக்க எனக்குப் பயமாக இருந்தது.

“நல்ல பேர் மெதுவா வைங்க. கூப்பிட ஒரு பேர் வேணாமா? நர்ஸுங்க எல்லாரும் புச்கின்னுதான் கூப்பிடறாங்க” என்றார்.

புச்கி என்றால் குட்டிப்பெண். என்னைக் கேட்காமல் என் பெண்ணுக்குப் பெயரா என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் பெட்டியின் துவாரத்தருகே குனிந்து, “புச்கி” என்றேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

அந்தப் பெயரிலேயே உதவி வந்தது, மருந்தும் வந்தது. அவள்தான் தொட்டில்வரை தங்கவில்லை.

இங்கே எத்தனையோ குழந்தைகளுக்கு அதுதான் செல்லப்பெயர். கரியாஹாட் கடைத்தெருக் கூட்டத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் என் கால்கள் நின்றுவிடுகின்றன. அந்தப் பெயரும் இல்லாதிருந்தால், எதைச் சொல்லி அழுதிருப்பேன்?