அம்மா பிடித்த கை

அம்மாவின் பார்வையில் நடுப்பகுதி மட்டும் அழிந்துபோயிருந்தது. நேராகப் பார்த்தால், எதிரில் நிற்பவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் திட்டு ஒன்றுதான் தெரியுமாம். ஓரங்களில் பார்வை இருந்தது. அதனால் என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுக்கு அப்பால் எங்கேயோ பார்ப்பாள். சுவரைப் பார்த்தபடி வெங்காயம் நறுக்குவாள். தெருவில் வருகிறவர்களை நடையையும் துணியின் நிறத்தையும் வைத்தே சொல்லிவிடுவாள். எல்லோர் அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று ஏழு வயதுவரை நினைத்திருந்தேன்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று செல்போன்களில் வதந்தி பரவிக்கொண்டிருந்த சமயம் அது. கோலியனூரில் மாமா வீட்டுக்குப் போவதற்காக நாங்கள் இருவரும் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். எனக்கு மஞ்சள் கவுன். யாரோ இறக்கி வைத்த கொய்யாப்பழக் கூடையை வேடிக்கை பார்த்தபடி நான் விலகிப் போய்விட்டேன். நாங்கள் ஏறவேண்டிய விழுப்புரம் வண்டி வந்து நின்றதும் அம்மா அவசரமாகக் கையை நீட்டி, பக்கத்தில் நின்ற இன்னொரு மஞ்சள் கவுன் சிறுமியைப் பிடித்து இழுத்தாள்.

அந்தச் சிறுமி வீறிட்டாள். அவளுடைய தாய் கத்தினாள். கண்மூடித் திறப்பதற்குள் பெருங்கூட்டம்.

“யார் புள்ளய இழுத்துக்கினு போற?” என்றார் ஒருவர்.

“என் பொண்ணுன்னு நெனச்சிட்டேங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க.”

“இப்பதான பக்கத்துல வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்ன? கண்ணு தெரியாதவளா நீ? மூஞ்சப் பாத்துப் பேசு!”

அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே அம்மா தலையைத் திருப்பினாள். திருட்டு முழி என்றார்கள். அவள் பார்க்க முயல முயல, அவர்களுடைய சந்தேகம் உறுதியாகிக்கொண்டே போனது. ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்தது.

நான் பழக்கூடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் என் அம்மா என்று சொன்னால் என்னையும் அடிப்பார்கள் என்று தோன்றியது. அம்மா என் பெயரைச் சொல்லிக் கூவினாள். நான் அசையவில்லை. இரண்டாம் முறை கூவியபோது அவள் குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் ஓடினேன். அவள் கால்களைக் கட்டிக்கொண்டு, “எங்கம்மா, எங்கம்மா” என்று அலறினேன்.

கொண்டையைப் பிடித்த கை விலகியது. “தொணைக்கு ஆள இட்டுக்கினு வரக்கூடாதாம்மா?” என்று அறிவுரை சொன்னார் ஒருவர். கூட்டம் அவரவர் பேருந்தைத் தேடிக் கலைந்தது.

அன்று முதல் அம்மா என்னைத் தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். என் குரலைக் கேட்ட பிறகே கையை நீட்டுவாள், வீட்டுக்குள்கூட. ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, பல நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல், சிரிப்பை அடக்கியபடி அவள் எதிரில் நின்றிருக்கிறேன்.