வெடிக்குழாய்க்குள்ள போன தாளு

சண்முகத்தா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. வெம்பக்கோட்டையில நாங்க ரெண்டு பேரும் பட்டாசுக்கு வெடிக்குழாய் சுத்துற பொம்பளைக. அச்சாபீசுல கழிச்சுப்போட்ட தாளு கட்டுக்கட்டா வரும். வெட்டி, பசை தடவி, கம்பியில சுத்தி உருவணும். எனக்கு எழுத்து தெரியாது. அவ எட்டு படிச்சவ. வாசிச்சுக்கிட்டே சுத்துவா.

ரெண்டாயிரத்து நாலுல ஒரு கட்டு வந்துச்சு. அரபு நாட்டுப் பொம்பளை எழுதுன கதையாம், தமிழ்ல போட்டுருக்கு. அண்ணங்காரன் தங்கச்சியப் பூட்டி வச்சு ஒரு கெழவனுக்குக் கட்டிவைக்கப் பாக்கான். அங்கன பொண்ணுகிட்டச் சம்மதம் கேக்கணுமாம். வாயத் தொறக்காம இருந்தா சம்மதம்னு எழுதிக்கிடுவாகளாம்.

"நம்மகிட்ட அதுகூடக் கேக்கலயேடி"ன்னேன். எனக்கு மாப்ளைய யாரும் காட்டக்கூட இல்ல. முப்பது வருசம் பொங்கிப் போட்டேன். செத்தான். அழுகை வரல, ஊருக்காக அழுதேன்.

கதையில அந்தப் பிள்ளை என்ன சொன்னாங்கிற தாளக் காணோம். நாங்களே சுத்தித் தொலைச்சுட்டோம்.

அந்த வாரந்தான் சண்முகத்தா புருசன் முனியராஜ், ஒம்பதாப்புப் படிக்கிற மக ரோசாவத் தன் தங்கச்சி மகனுக்குப் பேசி முடிச்சுட்டு வந்தான். பிள்ளை மூணு நாளாச் சோறு திங்கல. சண்முகத்தா, லோடுக்குக் கட்டி வச்ச சாக்க அவுத்து, குழாய ஒண்ணொண்ணாப் பிரிச்சா.

"ஏ கிறுக்கி, என்னத்தடி தேடுத?"

"அவ என்ன சொன்னான்னு பாக்கணும் பெரியம்மா."

"அவ சொன்னா ஒனக்கென்ன? ஒம் புருசன் அரபு நாட்டுலயா இருக்கான்?"

அவ பிரிச்சுக்கிட்டே இருந்தா. பாதிச் சாக்கு வீணாப்போச்சு. தாளு கெடைக்கல.

நிச்சயத்தன்னைக்கு, தாலியறுத்தவன்னு என்னைய அடுப்படியில ஒக்கார வச்சுட்டாக. ஊர்ப் பெரியாளு ஆண்டிச்சாமி வெத்தலைத் தட்டோட, "பொண்ணு வீட்டுக்குச் சம்மதமா?"ன்னு மூணு தடவை கேக்கணும். ரெண்டு தடவை முனியராஜ் "சம்மதம்"னான். மூணாவது தடவை கேக்கையில சண்முகத்தா கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னா.

"எனக்குச் சம்மதமில்ல. எம் மகளுக்கும் இல்ல."

"ஒன்ன யாருடி கேட்டா?"ன்னான் புருசன்.

"யாருங் கேக்கல. அதான் சொல்லுதேன்."

அறைஞ்சான். விழுந்தா. எந்திரிச்சு அதையே சொன்னா. தட்டு திரும்பிப் போச்சு. நான் வெளிய வரல. கொழம்பு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, எறக்கி வச்சேன்.

ரோசா பள்ளிக்கூடம் போறா. முனியராஜ் பொண்டாட்டிகிட்டப் பேசுறதில்ல. அவ பொங்குற சோத்த மட்டும் திங்கான். அவ மூஞ்சியில சந்தோசமும் இல்ல, துக்கமும் இல்ல. குழாய் சுத்துதா. இப்ப வாசிக்கிறதில்ல.

தீவாளிக்கு மறுநா தெருவெல்லாம் வெடிச்ச தாளாக் கெடந்துச்சு. எழுத்து இருந்த துண்டு ஒண்ண எடுத்து நீட்டுனேன். "அந்தப் பிள்ளை சொன்னது இதுல இருக்கான்னு பாருடி."

அவ கை நீட்டல.

"கூட்டித் தள்ளுங்க பெரியம்மா"ன்னா.