தாவணகெரேயிலிருந்து கல்வராயன் மலைக்கு ஒரு ஜீப்

யாரோ வாங்கிய வண்டியை அவர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து வீடு திரும்புவதுதான் என் தொழில். பேச்சுத் துணை கிடையாது. தூக்கம் வந்தால் நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டியதுதான். தனியாக நெடுந்தூரம் ஓட்டியவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் தெரியும். அவர்களில் பெண்களுக்கு இன்னும் இரண்டு பாடு கூடவே தெரியும். எனக்கு ஊர் தியாகதுருகம். போன ஐப்பசியில், தாவணகெரேயில் வாங்கிய ஒரு பழைய ஜீப்பை ஒரே நாளில் கல்வராயன் மலைக்கு ஓட்டி வந்தேன். அன்றைய பாடுகளில் சிலவற்றைச் சொல்கிறேன்.

வாத்தியார் வீட்டு வாசல்

ஜீப்பை விற்றவர் ஓய்வுபெற்ற வாத்தியார். சேலத்தில் சில வருடம் இருந்தவர், தமிழ் நன்றாகவே பேசினார். விடிகாலை நாலு மணிக்குக் குளித்து, நெற்றியில் விபூதியோடு வாசலில் நின்றிருந்தார். கண்ணில் புரை விழுந்துவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தார், ஸ்பேர் டயரைத் தட்டிக் காட்டினார், வழிக்கு இரண்டு வாழைப்பழம்கூடக் கொடுத்தார். சாவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

நானும் அவசரப்படுத்தவில்லை. வண்டியை விற்பவர்கள் எல்லாருக்கும் அந்த ஐந்து நிமிடம் தேவைப்படும். கடைசியில் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடிவிட்டார். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் வேலை செய்யாது, நடுநடுவே நிறுத்தி ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு பானெட்டில் கை வைத்துச் சொன்னார்: "தாகம் எடுத்தா அது சொல்லாதும்மா, நீதான் கேக்கணும்."

பங்க்கில் பூட்டிய கதவு

சீரா தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். ஜீப்புக்கு டீசலும் தண்ணீரும் கிடைத்தன. எனக்கு வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை. கழிவறையில் பூட்டு தொங்கியது. சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருக்கிறார் என்று நாற்காலியில் இருந்தவர் கையை விரித்தார். டீசல் அடித்துக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கன்னடம் வராது, அவளுக்குத் தமிழ் வராது. ஆனால் அந்த முகம் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் புரியும். பக்கத்தில் இருந்தவளிடம் வேலையைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிப் போனாள். தாழ்ப்பாள் சரியில்லாத கதவு. நான் வரும்வரை வெளியே முதுகைக் காட்டிக் காவல் நின்றாள்.

வெளியே வந்ததும் ஒரு பெரிய சொம்பு மோரை நீட்டினாள். நான் சொம்பைப் பார்த்தேன், அந்தக் கதவைப் பார்த்தேன், வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு! இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜீப் வரைக்கும் வந்து கதவைச் சாத்திவிட்டு, நிதானமாகப் போய் வாருங்கள் என்பதைத் தன் கன்னடத்தில் சொன்னாள்: "நிதானவாகி ஹோகி பன்னி, அக்கா."

செங்கத்துக்கு முந்தின புளியமரம்

என் வீட்டுக்காரர் பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். விபத்தில் ஒரு கால் போனபிறகு வீட்டில் இருக்கிறார். ஆனால் நான் கிளம்பினால் அவரும் கிளம்பிவிடுவார், போனில். கிருஷ்ணகிரி தாண்டி நான் டீ குடிக்க ஓரங்கட்டியபோது கூப்பிட்டார்.

"இன்னா, எதுவரிக்கும் வந்துக்கினு இருக்கே?"

"சிங்காரப்பேட்டை."

"செங்கத்துக்கு முன்னால வளைவுல பெரிய புளியமரம் வரும் பாரு. அதுங்கீழதான் நாங்க படுப்போம். இருக்குதான்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். அகலமான புது ரோடுதான் இருந்தது. மரத்தின் அடிக்கட்டைகூட இல்லை. வண்டியை ஓரங்கட்டி அவரைக் கூப்பிட்டேன். வீட்டுக்குள்ளேயே இருக்கிற மனுஷனிடம் அதை ஏன் சொல்ல வேண்டும்? "இருக்குது. நல்லா நெழலா இருக்குது. ரெண்டு லாரிகூட நிக்குது" என்றேன். மறுமுனையில் மெதுவாகச் சிரிப்புக் கேட்டது. "அத்த வெட்டிட்டாங்கன்னு எனக்குத் தெரியும்டி, நீ இன்னா சொல்றேன்னுதான் கேட்டேன்."

மூன்றாவது வளைவு

ஜீப்பை வாங்கிய செல்வி, மலையிலிருந்து இறங்கி வடக்கனந்தலில் காத்திருந்தாள். வழி காட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் டிரைவர் பக்கக் கதவருகே வந்து நின்றாள்.

"அக்கா, மலைய நான் ஏத்தட்டுமாங்க?"

கள்ளக்குறிச்சியில் டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். ஆனால் ஓட்டியதெல்லாம் சமதரை. ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன்.

"போன மழையில எங்க வூட்டுக்காரருக்கு ஜொரம் ஜாஸ்தியாயி நெனவு போயிடுச்சுங்க. கட்டில்ல வச்சுக் கட்டி நாலு பேரு தூக்கிக்கினு எறங்குனாங்க. பொழச்சிட்டாரு. ஆனா அந்தக் கட்டில் பின்னாலயே ஓடியாந்தேன் பாருங்க, ஜீப் வாங்கி நானே ஓட்டறதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அவரு இன்னான்னா, பொம்பள ஓட்டுனா மலையில எவன் வண்டியில ஏறுவான்னு சொல்லி டிரைவர் தேடிக்கினு இருக்காரு."

சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்கு மாறினேன். கோமுகி அணை வரை நன்றாகப் போனாள். மலையில் மூன்றாவது வளைவில் என்ஜின் நின்று, ஜீப் பின்னால் நகர்ந்தது. "பிரேக்! கை பிரேக்!" என்று கத்தினேன். நின்றது. பின்பக்கம் பள்ளம். அதே நேரம் எதிரே மேலிருந்து பஸ் இறங்கி வந்தது. நான் ஊர் திரும்ப வேண்டிய கடைசி பஸ் அது.

செல்வி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "நீங்களே ஓட்டுங்கக்கா" என்று அழுதாள். என் காலும் கையும் அதற்குத்தான் துடித்தன. ஆனால் இப்போது இடம் மாறினால், இந்த வளைவுக்கு அவள் திரும்ப வரவே மாட்டாள். "நல்லா அழுதுடு. அப்புறம் எடு. நான் எறங்கப் போறதில்ல" என்றேன். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். மேலே நின்ற பஸ்காரர் ஹாரனில் கை வைக்கவே இல்லை. என்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார்: "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல, நீ எடும்மா!"

மேலே நின்றவர்

எடுத்தாள். பஸ்ஸைத் தாண்டினாள், மிச்ச வளைவுகளையும் தாண்டினாள். எனக்கு இனி மறுநாள் காலை பஸ்தான். மரவள்ளிக் காடுகளில் வெயில் சாய்கிற நேரத்தில் அவள் ஊருக்குள் நுழைந்தோம். ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். முன்னால் நின்ற ஒல்லியான ஆள்தான் அவள் கணவர் கோவிந்தன். கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். வண்டி நின்றதும் டிரைவர் பக்கம் பார்த்தவர், பழத்தைச் சக்கரத்தடியில் வைக்க மறந்து நின்றார்.

செல்வி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னா சொல்லப் போறாரோ என்கிற பயம் அவள் கழுத்திலேயே தெரிந்தது. கோவிந்தன் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். என் பக்கத்துக் கதவைத் திறந்தார். கண் கலங்கியிருந்ததை மறைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. "கொஞ்சம் எறங்குங்கம்மா, எங்க வூட்டம்மா ஓட்டறப்ப நான் உக்காந்து பாக்கணும்."

அன்றைக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நானே ஓட்டினேன், கடைசியில் அந்த மலையேற்றத்துக்கு மட்டும் சும்மா உட்கார்ந்து வந்தேன். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து ஒரு வாரம் கால் வலித்தது என்னவோ அதற்குத்தான்.