பலா மரத்துக்குப் பின்னால் ஒரு மூலை

கொத்தவரங்காய்க்கு நார் உரித்துக்கொண்டே, நடுநடுவே கையைத் துடைத்து இதை எழுதுகிறேன். மனைப் படம் வரைகிற தொழிலில், யாரும் போய் நிற்க முடியாத இடத்தைத்தான் துல்லியமாகக் கேட்பார்கள். மூலையில் மரம் இருக்கும், இல்லை சாக்கடை இருக்கும். அதனால் சர்வேயர் அந்த மூலைக்கு வரும் இரண்டு சுவரிலும் இரண்டிரண்டு புள்ளி அளந்து வருவார். அந்த நாலையும் கம்ப்யூட்டரில் கொடுத்தால், இரண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு மூலையைக் காட்டும். பக்கத்து சீட் ரூமாதி, அதாவது ரூமா அக்கா, படம் வரைகிற கேட் (CAD) புரோகிராமுக்குள் எழுதி வைத்த குட்டி ஸ்கிரிப்ட் அது. நான் எட்டாவது வரைதான். பெஹாலா பேட்டையில் இருக்கும் இந்தப் படக் கடையில் சேர்க்கும்போதே முதலாளி சுபீர்தா சொல்லிவிட்டார், "ஒரு மாசம் பார்ப்போம். சரிப்படலேன்னா வருத்தப்படக் கூடாது." புது வேலையில் வாய் திறக்கப் பயந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

குளத்தில் விழுந்த மூலை

முதல் வாரம். ஒரே சுவரின் இரண்டு புள்ளியை ஜோடியாகக் கொடுக்க வேண்டும். நான் இந்தச் சுவரில் ஒன்று, அந்தச் சுவரில் ஒன்று என்று கொடுத்துவிட்டேன். மூலை எங்கேயோ போய் விழுந்தது. அந்த வீட்டின் சொந்தக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். திட்டு விழும் என்று குனிந்துகொண்டேன். அவர் மருமகளைக் கூப்பிடுவது போல மெதுவாகக் கேட்டார், "என் வீட்டு மூலை பக்கத்துத் தெருக் குளத்துல இருக்கே, பௌமா. மீனும் எனக்குத்தானா?"

இல்லை என்ற பதில்

இன்னொரு நாள், மூலையே இல்லை என்று வந்தது. அரை நாள் அதே எண்களைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். கேட்க வெட்கம். ரூமாதிதான் எட்டிப் பார்த்தாள். இரண்டு வேலியும் மூலைக்கு முன்னாடியே நின்றுவிட்டனவாம். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள், மூலை வந்துவிட்டது. "கோட்டை நீட்டிப் பாருன்னு சொன்னாத்தான் அது நீட்டும். உன்னை மாதிரிதான், தானா வாயைத் திறக்காது."

மாஷிமாவின் மரம்

சுபீர்தா சொன்ன அந்த ஒரு மாதத்தின் கடைசி நாள். டாலிகஞ்சிலிருந்து வயதான ஒரு அம்மா வந்திருந்தார், எங்களுக்கெல்லாம் மாஷிமா, பெரியம்மா மாதிரி. அவர் மனையின் மூலையில் பலா மரம். நாலு புள்ளியும் சரி, கோடும் நீட்டியாயிற்று, மூலையும் வந்தாயிற்று. சுபீர்தா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மாஷிமா தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார், "சுவர் கட்டறப்போ மரத்தை வெட்டச் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் கேக்கலே."

எனக்குச் சுருக்கென்றது. சுபீர்தா முன்னால் அதுவரை நான் பேசியதே இல்லை. "மாஷிமா, மரத்துக்கிட்ட சுவர் நேராவா போகுது?"

"எங்கே நேரா! அந்த மூலையை மரத்தோட பக்கத்து வீட்டுக்கே விட்டுக் கொடுத்துட்டு, இந்தப் பக்கமா வளைச்சுக் கட்டினார்."

எங்கள் படத்தில் மரம் மாஷிமாவுடையதாகியிருந்தது. சுபீர்தா பேனாவை மூடினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். "கம்ப்யூட்டர் நாலு புள்ளியோட நிறுத்திக்கிச்சு. அஞ்சாவதை நீ கேட்டே. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு."

ஆக மொத்தம், இரண்டு கோடு சந்திக்கிற இடத்தைச் சொல்ல எட்டாம் வகுப்பே போதும், வாயைத் திறக்கத்தான் எனக்கு முழுசாக ஒரு மாதம்... இதோ வரேன் பௌதி! கீழ்வீட்டு அண்ணிதான் கூப்பிடுகிறாள், என் பொண்ணு படி முழுக்கக் கொத்தவரங்காயை வைத்து இரண்டு கோடு போடுகிறாளாம், இரண்டும் வாசலில் போய்...